என் குரலில் ஓர் அபாயச் சங்கு

எண்ணூரில் ஒரு குளோரின் ஆலைக்கு நான் பாதுகாப்பு அதிகாரி. வெள்ளம் வந்தால் வால்வுகளை ஆலையின் கணினியே மூடிவிடும். ஆட்களை நகர்த்தத்தான் அதற்கு ஒரு குரல் வேண்டும். யார் குரலுக்கு வேகமாக ஓடுகிறார்கள் என்று பார்த்து, அது என் குரலைத் தேர்ந்தெடுத்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும், இன்னும் பதறி ஓடட்டுமே என்று, "இது ஒத்திகை அல்ல!" என்று சேர்த்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஆறு மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. "இது ஒத்திகை அல்ல!" என்று ஆலை முழுக்க ஒலிபெருக்கிகளில் என் குரல் கத்தியது.

"சார் ஆரம்பிச்சுட்டாரு. நீ டீயைக் குடிப்பா" என்றார் கேன்டீனில் பாய்லர் ஆபரேட்டர் லூர்துசாமி.

அவர்களைக் கிளப்பத்தான் கேன்டீனுக்குப் போனேன். வாசலில் தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் போன காரியம் மறந்துவிட்டது. "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு அவர்களைத் தாண்டி மாடிக்கு ஓடினேன். டம்ளர்களைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் என் பின்னால் ஓடிவந்தார்கள். எல்லோரும் பிழைத்தோம்.

கணினி இதையும் கவனித்திருக்கிறது. இப்போது ஆலைக்கும் எங்கள் குடியிருப்புக்கும் அபாயச் சங்கு அந்த அலறல்தான்.

நேற்று குளியலறையில் ஒரு கரப்பான்பூச்சியைப் பார்த்துவிட்டேன். துண்டோடு வெளியே வந்தால், தெருவே மொட்டை மாடிகளில் நிற்கிறது.

"தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று மேலிருந்து கேட்டாள் என் மனைவி தமயந்தி.

"ஒத்திகைதான், இறங்கி வாங்க!" என்று கத்தினேன்.

ஒருவரும் நம்பவில்லை.