எடுத்தது யார்?

"சாப்பாட்ட வெளிய வெச்சிட்டு வந்துடறோம் லினெட். பெரியவங்க எல்லாம் பாத்துட்டு இருக்காங்க இல்ல" என்றார் பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியை வைமாரியே.

சுவரில் நான் புரொஜெக்டரில் பெரிதாக்கிக் காட்டியிருந்த பழைய படத்தில், அவர்கள் ஊர் மாவோரிப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர்களின் படத்துக்கு முன்னால் இங்கே யாரும் சாப்பிடமாட்டார்கள். தெரிந்த விஷயம்தான். இத்தனை வருஷம் பயிற்சி கொடுத்தும், அசதியில் மேசை நிறைய சாண்ட்விச்சைப் பரப்பியிருந்தேன்.

விடுப்பு முடிந்து வந்த முதல் நாள். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று யாரும் கேட்காமல் பொழுது கழிந்தால் போதும். கேட்டால் உடைந்துவிடுவேன்.

வந்திருந்தவர்கள் நியூசிலாந்தின் ஓபோடிகி ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்கள். எங்கள் ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் படங்களை வைத்துப் பாடம் நடத்த அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்தப் படமானாலும் பிள்ளைகளை முதலில் இரண்டு கேள்வி கேட்க வையுங்கள்: இதில் இருப்பது யார்? எடுத்தது யார்? காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி என் குரல் எனக்கே சலித்துவிட்டது.

ஒருவழியாக முடிந்தது. படங்கள் அவ்வளவுதான், தேநீரை உள்ளேயே கொண்டுவாருங்கள் என்றேன். யாரோ என் கையில் ஒரு கோப்பையையும் கேக் துண்டையும் திணித்தார்கள்.

மடிக்கணினியில் ஒவ்வொரு படமாக மூடினேன். கடைசிப் படமும் போனதும் கணினியின் முகப்புத் திரை வந்தது.

புரொஜெக்டரை அணைக்க மறந்திருந்தேன்.

சுவர் முழுக்க அவள். கடற்கரை, ஈரத் தலை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு சிரிப்பு.

வைமாரியே தேநீரை ஊதிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"காலையிலேர்ந்து எங்களையே கேட்டுட்டிருந்தியே, இப்ப நீ சொல்லு. யாரு இந்தப் பொண்ணு? அப்படியே உன் மூக்கு. எடுத்தது யாரு?"

எடுத்தது நான்.

கோப்பையையும் கேக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வராந்தா பெஞ்சில் வைத்தேன்.

திரும்பினால் வைமாரியே பின்னாலேயே நின்றிருந்தார், ஒரு வாய்கூடக் குடிக்காத தேநீரோடு. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்கள்.

பெஞ்சில் இடம் போதவில்லை. சிலர் கோப்பையைத் தரையில் வைத்தார்கள்.