கரை சுத்தமான நாள்

ஆற்றில் குப்பை வாரிய குழு, கரையிலிருந்த கருவேலம் புதரையும் வெட்டிச் சாய்த்து, பேனருக்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியது. செல்வராணி மட்டும் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். குடிசைப் பக்கமிருந்து வெண்ணிலா பள்ளிச் சீருடையிலேயே வந்தாள்.

"என்னக்கா, மொத்தமா மழிச்சிட்டீங்க?"

"பாம்பு அண்டுதுடி."

"அது பாட்டுக்குக் கெடந்துச்சு. இனி நாங்க எங்க ஒதுங்குறது?"

பாலத்துக் கைப்பிடியில் ஆண்கள் சாய்ந்து நின்றார்கள். செல்வராணி பட்டம் வாங்கும்வரை ஒதுங்கியதும் அதே புதருக்குப் பின்னால்தான். எழுந்து பேனரை அவிழ்த்தாள். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'நதியைக் காப்போம்' பாலத்தைப் பார்த்தது.

"போடி."

"இன்னிக்குப் பிடிப்பீங்க. நாளைக்கு?"

கை கடுத்தது. குடிசைகளிலிருந்து இன்னும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.