இடப்பக்க மூக்குத்தி

ஊடகப் பாடத்துக்காக, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, வீட்டில் ஒருவரைப் போலவே பேசும் திரை மனிதர் ஒருவரை நாங்கள் உருவாக்க வேண்டியிருந்தது. நான் அம்மாவை உருவாக்கினேன். செல்ஃபி கேமராவில் எடுத்ததால் அவளுடைய வலப்பக்க மூக்குத்தி மட்டும் இடப்பக்கம் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. முதல் பரிசு கிடைத்தது. மற்ற மாணவர்களும் எடுத்துப் பழகட்டும் என்று பள்ளி அதைப் பொதுத் தளத்தில் ஏற்றியது.

இன்று மாலை அம்மாவும் நானும் தங்கையை அழைத்துவரப் போனோம். ஆறு வயது நறுமுகை வகுப்பில் இல்லை.

"நீங்கதானே வீடியோ கால்ல வந்து மாமாகூட அனுப்பச் சொன்னீங்க?" என்றார் அவளுடைய ஷகிலா மிஸ்.

"எந்த மாமா? எனக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாது மிஸ்!"

"நாலு மணிக்குப் பேசினது நாலரைக்குள்ள மறந்துடுமா?" மிஸ் டேப்லெட்டில் பதிவைக் காட்டினார். "பாருங்க, உங்க முகம், உங்க குரல்."

அம்மா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். "இது நான் இல்ல மிஸ்."

மிஸ் நம்பவில்லை. நான் மூக்குத்தியைத் தேடினேன். அது இடப்பக்கம் இருந்தது.

"மிஸ், அது நான் செஞ்ச அம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா சொல்ற?" என்று மிஸ் குனிந்தபோது டேப்லெட்டில் மறுபடி வீடியோ கால் ஒலித்தது; மிஸ் எடுத்தார். என் பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். திரையில் அம்மா சிரித்தாள்.

"பெரியவளும் அங்கதான் நிக்கிறாளா மிஸ்? அவளையும் அனுப்பி வைங்க."