ஒத்தடம்

"சூடு போதுமா?"

"கொஞ்சம் கூடத்தான். பரவாயில்ல, வைங்க."

செல்லச்சாமி மூட்டையைத் தூக்கி, காற்றில் இரண்டு தரம் ஆட்டிவிட்டு, மறுபடி மனைவியின் அடிவயிற்றில் வைத்தார்.

பழைய வேட்டித் துணியில் கட்டிய கல்லுப்பு. அதன் மேல் அவருடைய உள்ளங்கை.

கரண்ட் போய் மூன்று மணித்தியாலம். ஜன்னலுக்கு வெளியே குண்டசாலை வீதி சத்தமில்லாமல் கிடந்தது. பெற்றோல் இல்லாததால் ஆட்டோக்களும் ஓடவில்லை.

ஒன்பது வருஷமாக அன்னலட்சுமிக்கு வயிறு வலித்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. குழாய் விட்டுப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை. வலி வந்தால் அவர் சட்டியில் உப்பை வறுத்துக் கட்டிக் கொண்டுவந்து கட்டிலோரம் உட்காருவார்.

அந்தக் கால் மணி நேரம்தான் பேசுவார். மற்ற நேரமெல்லாம், கண்டி டவுனில் வேலை பார்க்கும் இரும்புக் கடையிலேயே பேச்சைத் தீர்த்துவிட்டு வந்தவர் போல இருப்பார்.

தை மாதம் புது டொக்டர் ஒரு சின்னக் குளிசை எழுதினார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதுதான், குறைந்த அளவில் வயிற்றுக்கும் கேட்கும் என்றார். வயிறு மூளையிடம் சொல்வதை அது மெதுவாக்கிவிடுமாம்.

மெதுவாக்கியது. வலி அடுத்த வீட்டு ரேடியோ போலத் தள்ளிப்போய், பங்குனியில் நின்றேவிட்டது.

கூடவே வேறு சிலதும் போயின. அக்கா செத்த முப்பத்தோராம் நாள் காரியத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவள் வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளிசையால்தானா என்று டொக்டரிடம் கேட்கவில்லை.

வலி நின்றதைக் கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உப்பு நின்றுவிடும். பிறகு அந்தக் கையும் வராது.

அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். கையின் பாரம் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை. என்றாவது தெரியும் என்று படுத்திருந்தாள்.

"நம்ம சிலிண்டர் எண்பத்தேழாவது" என்றார் அவர். "விகாரை மதில் வரைக்கும் கியூ. எல்லாத்தையும் ஒரே சங்கிலியில கோத்துப் பூட்டிட்டானுங்க. மனுசன் வீட்டுக்குப் போகலாம், சிலிண்டர் போக ஏலாது. றம்லத் டீச்சர் அவங்கட சிலிண்டருக்குக் குடை கட்டி வச்சிட்டுப் போயிருக்காங்க. வெயில் படக் கூடாதாம்."

அவள் முகம் சிரித்தது.

"காஸ் எப்ப வருமாம்?"

"நாளைக்குங்கிறான். முந்தாநாளும் நாளைக்குன்னுதான் சொன்னான்."

முந்தாநாள்.

இப்போதெல்லாம் அவளுக்கு எதுவும் தாமதமாகத்தான் உறைக்கிறது.

முந்தாநாளிலிருந்து வீட்டில் அடுப்பு எரியவில்லை. கரண்ட் இருக்கிற நேரத்தில் ரைஸ் குக்கரில் சோறு. இல்லையென்றால் பாணும் வாழைப்பழமும். மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் இல்லை.

அவள் தன் கையை மெதுவாகக் கொண்டுபோய், அவர் கைக்குப் பக்கத்தில், மூட்டையின் மேல் வைத்தாள்.

உப்பு குளிர்ந்திருந்தது. வறுத்து ஆறிய உப்பல்ல. போத்தலிலிருந்து அப்படியே அள்ளியது. லேசாக ஈரம்.

சூடு கூட என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. அதை அவர் ஆற்றி வைத்ததும்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகை வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். வாய் மட்டும் உலர்ந்தது.

அவர் கை, மூட்டையை எடுக்கப்போவது போல் அசைந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்றாள்.