மூன்றாவது குடம்

தலையில் ஊற்றும் மஞ்சள் தண்ணீரைக் கிடா உடம்பை உலுக்கி உதறினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள், அரிவாள் இறங்கும். இரண்டு குடம் ஊற்றியாயிற்று, கிடா அசையவில்லை. "கெணத்தையே கொண்டாந்து ஊத்தினாலும் அது உதறாது, பூசாரி" என்றாள் அதை வளர்த்த வெள்ளத்தாய். "நான் நேந்துவிட்ட கெடா, மதினி. நீங்க சும்மா இருங்க" என்று சீறினான் கொழுந்தன். பூசாரி மூன்றாவது குடத்தைக் கவிழ்த்தார். சொட்டச் சொட்ட நின்ற கிடா, கயிற்றை இழுத்துக்கொண்டு நேராக வெள்ளத்தாயிடம் வந்து தலையைக் குனிந்தது. தாயில்லாக் குட்டியாக வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செய்வதுபோல, அவள் முந்தானையை விரித்து முதலில் காதுகளைத் துவட்டினாள். நான்காவது குடத்தை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.