கை ஈரம்

கதவு பாதிதான் திறந்தது.

"அங்கயே படியில வச்சிட்டுப் போங்க மைனி, கை ஈரமா இருக்கு" என்றாள் சித்ரா.

சாந்தம்மாள் கூடையிலிருந்து எடுத்து நீட்டிய மஞ்சள் டூலிப் பூ நீட்டியபடியே நின்றது. சித்ராவின் கையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. செல்போனைப் பிடித்திருந்த கை அது.

போன மாசியில் இதே சித்ராதான், மொட்டு விடும் முன்னாலேயே வந்து "எனக்கு மஞ்சள்" என்று சொல்லிவைத்துவிட்டுப் போனவள்.

அடுத்த வீட்டுச் செல்வப்பிரியாவுக்கும் கை ஈரமாம். அதற்கடுத்த வீட்டில் மோனிஷா ஆசையாக ஓடிவந்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா ஒரு செருமல் செருமினாள். அந்தப் பெண்ணும் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே பின்வாங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, தேவிகுளத்துத் தேயிலை எஸ்டேட்டில் அந்த லைன் வீடுகள் முழுக்க எல்லோருக்கும் கை ஈரம்!

டூலிப் என்றால் சாந்தம்மாளுக்கு உயிர். சின்ன வயதில் மேனேஜர் பங்களாவுக்குக் களை பிடுங்கப் போனபோது பார்த்த பூ. பனி விலகுகிற நேரம், கிண்ணம் மாதிரி நிமிர்ந்து நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சேலைக்கு ஆசைப்பட்டதில்லை, நகைக்கு ஆசைப்பட்டதில்லை. யார் யாரிடமோ சொல்லிவைத்துக் கிழங்கு வாங்கி, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் குளிரவைத்து, லைன் வீட்டு வாசலில் நட்டுவிடுவாள். பூத்ததும் வீட்டுக்கு ஒன்று. தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ள மாட்டாள்.

இந்த வருஷம் என்றைக்கும் இல்லாத பூ. வாங்கத்தான் ஆள் இல்லை.

சித்ரா வைக்கச் சொன்ன இடத்தில் அவள் வைக்கவில்லை. அது என்ன பால் பாக்கெட்டா, படியில் போட்டுவிட்டு வர? ஒருத்தி, ஒரே ஒருத்தியாவது கையிலிருந்து வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

கடைசி வீடுதான் மிச்சம். ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்திருக்கும் பெண் இருக்கிறாள். லைனில் அவளுக்குப் பேரே கிடையாது, இந்திக்காரி. உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா, போன வருஷம் சாந்தம்மாளும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

அந்தப் பெண் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. நீட்டிய பூவைக் கண்டதும் எழுந்து, அப்படியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மோந்து பார்த்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

சாந்தம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிரித்தவள் சும்மா இருக்கவில்லை. சாந்தம்மாளின் பூக்கூடையிலிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளி, அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, கொண்டையில் செருகிவிட்டாள்.

சாந்தம்மாள் பதறிப்போனாள்.

"வேணாம் தாயி, எனக்குப் பூ ஆகாது. எங்க வீட்டுக்காரரு செத்து இன்னும் வருஷங்கூடத் திரும்பல."

அந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. பூ நழுவுகிறது என்கிறாளாக்கும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்திச் செருகினாள்.