கம்பிக்கு அந்தப் பக்கம்

இந்தக் காலத்தில் என்ன நடந்தாலும் முதலில் போனைத்தான் எடுக்கிறார்கள். பூங்கா வேலிக் கம்பிகளுக்கு நடுவே என் பேரன் முகில் தலையை விட்டு மாட்டிக்கொண்டான். பஜ்ஜிக் கடையில் ஆறின எண்ணெய் வாங்கி, அவன் காதில் தடவி இழுத்தேன். வாட்ச்மேனும் சேர்ந்து இழுத்தார். பிள்ளை வீறிட்டதுதான் மிச்சம். மருமகள் வெளியே ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, போனில் பூனைப் பாட்டைப் போட்டு நீட்டினாள்.

“ஏம்மா, இப்பப் பாட்டு கேக்குதா உனக்கு? போன வழியாத்தான் வரணும்!” என்று கத்தினேன்.

“கொஞ்சம் விடுங்க மாமா. இங்க வாடா செல்லம், பூனை பாரு.”

நான் கையை எடுத்தேன். அழுகையை நிறுத்திவிட்டு அவன் ஒருக்களித்தான். தோள் நுழைந்தது, இடுப்பு நுழைந்தது, முழுசாக அவள் மடியில் போய் விழுந்தான். போன உயிர் எனக்குத் திரும்பியது.

“பாத்தீங்களா மாமா?” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“எல்லாம் நான் தடவுன எண்ணெய்,” என்று சொல்லிவிட்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்கப் பஜ்ஜிக் கடைக்கு நடந்தேன்.